எனக்கு ஒரு தனித் தோசைக்கல் வேண்டும்

சென்ற ஆண்டு கிள்ளானில் ஒரு கல்யாண விருந்து. மண்டபத்தில் இலை போட்டாகிவிட்டது. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, வடை, சேமியா பாயசம், நடுநாயகமாக சைவ மட்டன் பிரட்டல். என் இலையில் சோறும் தயிரும் மட்டும். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டு போயிருந்த கத்தரிக்காய்ப் பொரியலை ஓரமாக வைத்துக்கொண்டேன். மணப்பெண்ணின் அம்மா, எனக்கு அத்தை முறை, பார்த்துவிட்டார்.

“என்னம்மா இது, எங்க வீட்டுக் கல்யாணத்துல வந்து டப்பாவத் தொறக்குற?”

“கோதுமை ஒத்துக்காது அத்தை. டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“சோறுதான சாப்பிடுற? இதுல எங்க கோதுமை வந்துச்சு?”

சாம்பாரில் போட்ட பெருங்காயத்தில் இருக்கும், பாயசத்துச் சேமியாவில் இருக்கும், அந்த சைவ மட்டன் அநேகமாக முழுக்க அதுதான் என்றேன். பக்கத்து இலைக்காரர் சிரித்தார். “படிச்ச புள்ளைங்கல்ல. வெள்ளக்காரன் வியாதியெல்லாம் நம்ம ஆளுங்களுக்கும் வந்துருச்சுலா.” பந்தியே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் மீது உண்மையான பிரியம் உள்ளவர். வாளியை வாங்கி ஒரு கரண்டி சாம்பாரை என் சோற்றின் மேல் ஊற்றினார். “கொஞ்சூண்டுதான். ஒண்ணும் ஆகாது.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு கரண்டிக்கு நான் சொல்லாமல் வந்த பதில்.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். இருபத்து நான்கு வயதில்தான் தெரிந்தது. அதற்கு முன் பத்து ஆண்டுகள் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடத்தில் நின்றபடியே மயங்கி விழுந்திருக்கிறேன். போன கிளினிக்கிலெல்லாம் ஒரே வசனம்: “பொண்ணுங்கன்னா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும்.” வீட்டில் அதற்கு இன்னொரு வடிவம்: “ஒழுங்கா சாப்பிடறதில்ல.” ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன். தினமும் காலையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு மைலோ. கடைசியில் ஓர் இளம் மருத்துவர்தான், இவ்வளவு மாத்திரைக்குப் பிறகும் இரும்பு ஏன் ஏறவில்லை என்ற எளிய கேள்வியைக் கேட்டார். ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் சோதனை, பிறகு குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்த சோதனை. உணவை உறிஞ்ச வேண்டிய, விரல் விரலாக நிற்க வேண்டிய குடல் உறிஞ்சிகள் எனக்குத் தட்டையாகியிருந்தன. பூத்துவாலை தேய்ந்து தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டால் எப்படி ஈரத்தை எடுக்காதோ, அப்படி.

இது அலர்ஜி இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் என் நோயெதிர்ப்பு அமைப்பு என் குடலையே தாக்குகிறது. குளூட்டனைத் தமிழில் பசையம் என்கிறார்கள். பொருத்தமான சொல், ரொட்டி மாவை விசிற முடிவதே அந்தப் பசையால்தான். இந்த நோய்க்கு மாத்திரை இல்லை. ஆயுள் முழுக்க அந்தப் புரதத்தைத் தவிர்ப்பது மட்டுமே வைத்தியம்.

“கொஞ்சூண்டு” எவ்வளவு என்று பார்ப்போம். நான் பொறியியல் படித்தவள், கணக்குப் போடாமல் விட முடியாது. ஒரு ரொட்டி சானாய்க்கு 60 கிராம் மாவு என்று வையுங்கள். அதில் ஏறக்குறைய 5 கிராம் குளூட்டன் இருக்கும். சீலியாக் நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பழையபடி தேயத் தொடங்கியது. அதாவது ஒரு ரொட்டியை நூறாகப் பிய்த்தால் அதில் ஒரு துண்டு. ‘குளூட்டன் இல்லாதது’ என்று பெயர் போடுவதற்கு அனைத்துலக உணவுத் தர நிர்ணயம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். தோசைக்கல்லில் ஒட்டியிருக்கும் மாவுத்தூளை அலட்சியம் செய்ய முடியாத அளவு இது. தொழிற்சாலையில் இந்த அளவுக்குக் கலப்படம் இருந்தால் உற்பத்தி வரிசையையே நிறுத்துவோம். கல்யாண வீட்டில் ஊற்றிவிட்டு, “ஒண்ணும் ஆகாது” என்கிறோம்.

அடுத்து, ‘வெள்ளைக்காரன் வியாதி’.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை உறுதியாகக் காட்டியவர் வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். அவருக்கு ஏற்கெனவே இருந்த சந்தேகத்துக்கு வலுச் சேர்த்தது 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் வந்த பஞ்சம். ரொட்டி இல்லை. ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது அவருடைய நோயாளிக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. 1950-இல் அதையே ஆய்வேடாகச் சமர்ப்பித்தார்.

அதே ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது? ஜப்பான்காரன் காலம். என் பாட்டியின் அம்மா தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தவர். அந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த மலேசியத் தமிழ்ப் பிள்ளை குறைவு. அரிசியும் இல்லை, கோதுமையும் இல்லை, கிழங்கு மட்டும். அந்தப் பசியில் நம் தோட்டத்திலும் ஏதாவது ஒரு நோயாளிக் குழந்தை தேறியிருக்கலாம். குறித்து வைக்க டிக்கே மாதிரி ஒருவர் நமக்கு இல்லை. நோய் நம்மிடம் இல்லை என்பதும், நம்மை யாரும் சோதிக்கவில்லை என்பதும் ஒன்றல்ல.

சோதித்தபோது என்ன தெரிந்தது என்பதையும் சொல்கிறேன். இந்தியாவில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று வட்டாரங்களை ஒப்பிட்டு 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. தெற்கில் வேலூர்ப் பகுதி. நோய் வடக்கில் ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல். தெற்கில் மிக மிக அரிது. இதோடு நிறுத்தினால் பந்தியில் சிரித்தவர் ஜெயித்துவிடுவார். நிறுத்தாதீர்கள். இந்த நோய் வருவதற்கு வேண்டிய மரபணு வடக்கில் 38.1 விழுக்காட்டினருக்கு இருந்தது, தெற்கில் 36.4. ஏறக்குறைய சமம். எது சமமில்லை? ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை: வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். மரபணு இருந்தும் நம்மவர்களுக்கு நோய் குறைவாக இருப்பதற்கு, சோற்றை விட்டு அவர்கள் பெரிதாக விலகாதது ஒரு முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

நாம் விலகிவிட்டோம். காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்கு கறிபாப், மதியம் மீ கோரெங், இரவு சப்பாத்தி, நடுவில் பிஸ்கட்டும் மைலோவும். மலேசியாவில் ஆரோக்கியமான இளைஞர்கள் 562 பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. நூற்றுக்கு 1.25 பேருக்கு அந்த எதிர்ப்பொருள் இருந்தது. எதிர்ப்பொருள் இருந்தாலே நோய் உறுதியாகிவிடாது, தெரியும். ஆனால் “நமக்கெல்லாம் வராது” என்று இனி யாரும் சொல்ல முடியாது. எல்ஆர்டியின் ஒரு பெட்டியில் நெரிசல் நேரத்தில் நூறு பேருக்கு மேல் நிற்கிறோம். அதில் ஒருவர் இன்று மாலையும் இரும்பு மாத்திரை வாங்கப் போகிறார்.

இந்த நோய் வேடிக்கையானதில் இன்னொரு தரப்புக்கும் பங்குண்டு. பங்சார் பக்கம் உள்ள கஃபே பலவற்றில் இப்போது கரும்பலகையில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் அதைப் பார்த்த என் அம்மா, குளூட்டன் இலவசமாகத் தருகிறார்கள் என்று நினைத்தார். எடை குறைக்க, முகம் பளபளக்க, ‘டீடாக்ஸ்’ செய்ய என்று அதைத் தின்கிறவர்கள் மறுநாள் ரொட்டிக்குத் திரும்பிவிடலாம். அவர்களுக்கு அது ஆசை, எனக்கு ஆயுள் தண்டனை. அப்படி எழுதி வைத்த ஒரு கடையில், கோதுமை கேக் வேகும் அதே அடுப்பில், அதே தட்டில்தான் இதையும் வேகவைக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். “அது டயட்டுக்குத்தான் மிஸ், சீரியஸா கேக்கறவங்களுக்கு இல்ல” என்றார் அங்கிருந்த பையன். நேர்மையான பையன். ஆனால் இந்த நாகரிகத்தின் விளைவு, நான் வாயைத் திறந்தாலே என்னையும் பங்சார் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். பணக்கார நோய் என்கிறார்கள். நான் கிள்ளானிலிருந்து கேடிஎம் பிடித்து வேலைக்குப் போகிறவள். இறக்குமதி ரொட்டிப் பொட்டலத்தின் விலையைப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறவள்.

எனக்குக் கோபம் வரும் இடம் இனிமேல்தான்.

‘பட்டுவிட்டது’ என்றால் என்ன என்று இந்த நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பன்றி இறைச்சி பட்ட கரண்டி மலாய்க்கார நண்பனின் தட்டைத் தொடக்கூடாது என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சைவம் இருக்கும் அம்மாவுக்காக, மீன் பொரித்த சட்டியைத் தொடாமல் வேறு சட்டி எடுக்கிறோம். கார்த்திகைக்கு ஐயப்ப மாலை போட்ட மாமாவுக்குத் தனிப் பாத்திரம், தனி அடுப்பு. ஒருவரும் “கொஞ்சூண்டுதான், ஒண்ணும் ஆகாது” என்று அவர் தட்டில் கோழிக் குழம்பை ஊற்றுவதில்லை. கலப்பு, தூய்மை, தனிக் கரண்டி, எல்லாம் நமக்கு அத்துப்படி. நம்பிக்கைக்குத் தனிப் பானை வைக்கத் தெரிந்த சமூகம், நோய்க்கு வைக்கச் சொன்னால் மட்டும் ‘பிகு’ என்கிறது. தெரியாமல் செய்கிறார்கள் என்று இனியும் என்னால் பெருந்தன்மையாக இருக்க முடியவில்லை. சாமி கேட்டால் கொடுப்போம், உடம்பு கேட்டால் கொடுக்க மாட்டோம். அதிலும் கேட்பது பெண்ணின் உடம்பு என்றால் சிரிப்போம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். இலக்கியம் படித்தவர், முற்போக்கானவர். “தனிக் கல், தனித் தட்டுன்னு கேக்கறது பழைய ஆச்சாரம்தானே? தீட்டைப் புதுப் பேருல கொண்டுவரியா?” என்று உண்மையிலேயே என்னிடம் கேட்டார். கேள்வி சுருக்கென்று தைத்தது. தமிழ்நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பற்றிப் படித்துவிட்டு, ‘தனிக் குவளை’ என்ற சொல்லைக் கூச்சமின்றி உச்சரிக்க முடியாது. பல நாள் யோசித்தேன். என் பதில் இது. அந்தக் குவளை ஒரு மனிதரை வெளியே நிற்க வைப்பதற்காகத் தனியாக வைக்கப்பட்டது. நான் கேட்கும் கல் என்னை உள்ளே உட்கார வைக்கும். அங்கே தனிக் குவளை வேண்டும் என்றவர் அதிகாரம் உள்ளவர். அதில் குடித்தவர் அதைக் கேட்கவில்லை. இங்கே கேட்கிறவளே நான்தான். இரண்டையும் ஒன்றாக்குவது முற்போக்கு அல்ல, சோம்பேறித்தனம்.

அடுத்த குற்றச்சாட்டு நம் எழுத்துலகத்தின் மேல். கூடி உண்பதைப் பற்றி நாம் எவ்வளவு உருகியிருக்கிறோம்! பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சோறு, மாமாக் கடையில் விடிய விடியப் பேச்சு, ஒரே மேசையில் மூன்று இனம். ரொட்டி சானாயை ஒற்றுமையின் சின்னமாக்கி எத்தனை கவிதை, எத்தனை முகநூல் பதிவு! பசியும் நமக்குத் தெரிந்த பொருள்தான். தோட்டத்துப் பசி, சஞ்சிக்கூலிப் பசி, மரவள்ளிப் பசி. அவையெல்லாம் இலை காலியாக இருக்கும் பசி. இலை நிறைந்திருக்கும்போது ஒருத்தி பசியோடு உட்கார்ந்திருப்பது நம் கதைகளில் எங்கே இருக்கிறது? நீரிழிவு வந்த தாத்தா திருட்டுத்தனமாக லட்டு தின்பதை நகைச்சுவையாக எழுதுவோம். பந்தியில் டப்பா திறக்கிறவளை எழுத நமக்கு ஒரு பாத்திரம்கூட இல்லை.

திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். தொண்ணூற்றைந்தாவது அதிகாரம் மருந்து. முதலாவதைக் கல்யாண அழைப்பிதழில் போடுகிறோம். இரண்டாவதைத் திறந்து பாருங்கள். மருந்து என்று பெயர் வைத்துவிட்டு வள்ளுவர் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார். உடலுக்கு மாறுபடாத உணவை மறுத்து உண்கிறவனுக்கு உயிருக்கு ஊறு இல்லை என்பது அதில் வருகிறது. மறுத்து உண்பது. அதற்கு இடம் கொடுக்காத விருந்தோம்பலை வேறு பெயரால்தான் அழைக்க வேண்டும்.

நான் ஊரெல்லாம் கோதுமையை விடச் சொல்லவில்லை. ரொட்டி சானாய் வீசுகிறவரின் கையழகை இன்றும் நின்று பார்க்கிறேன், இரண்டு அடி தள்ளி, மூக்கில் மாவு ஏறாமல். நான் கேட்பது மிகக் குறைவு. சாம்பாரில் எந்தப் பெருங்காயம் போடுகிறீர்கள் என்று கேட்டால் டப்பாவை எடுத்துக் காட்டுங்கள். கடையில் கிடைக்கும் பெருங்காயம் பெரும்பாலும் தனிப் பிசின் இல்லை. கோந்தும் மாவும் கலந்தது, அநேகமாகக் கோதுமை மாவு. டப்பாவிலேயே எழுதியிருக்கும், ஏனென்றால் நம் நாட்டின் 1985 உணவு விதிமுறைகள்படி பொட்டலமிட்ட உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். சட்டம் டப்பாவோடு நின்றுவிடுகிறது. வாளிக்கும் கரண்டிக்கும் நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும். பத்துக் கல் இருக்கும் கடையில் ஒரு கல்லை ரொட்டிக்குப் பயன்படுத்தாமல் வையுங்கள். கிச்சாப் ஊற்றினீர்களா, வடை பொரித்த எண்ணெயில் கறிபாப் போட்டீர்களா என்று கேட்டால் நெற்றியைச் சுருக்காதீர்கள். தெரியாவிட்டால், “தெரியலம்மா” என்று சொல்லுங்கள். எனக்கு அதுவே பெரிய உபகாரம். “அதெல்லாம் இல்லம்மா, பயப்படாம சாப்பிடு” என்று உள்ளே போய்ப் பார்க்காமலே சொன்ன ஒரு கடைக்காரரின் உபசரிப்பால் மூன்று நாள் படுத்திருக்கிறேன்.

இதைப் படிக்கும்போது நான் ஏதோ சபிக்கப்பட்டவள் மாதிரித் தோன்றலாம். இல்லை. பிரிக்பீல்ட்ஸில் மாதம் ஒருமுறை நாங்கள் நாலு பேர் சந்திக்கிறோம். ஒரு மலாய் அக்கா, ஒரு சீனப் பையன், செந்தூல் பஞ்சாபிப் பெண் ஒருத்தி, நான். கோதுமை ஆகாது என்பதைத் தவிர எங்களுக்குள் பொதுவாக எதுவும் இல்லை. தெருவோரம் இடியாப்பம் அவித்து விற்கும் ஒரு பாட்டியிடம்தான் முதல் நிறுத்தம். அரிசி மாவு, தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரை. வேறு மாவு அந்த வண்டியில் ஏறுவதே இல்லை. எங்களைக் கண்டதும், “வாங்க ரொட்டி ஆகாத பார்ட்டி” என்பார். பிறகு ஆப்பம், கிடைத்தால் புட்டு, சில நாள் உளுந்தங்களி. எந்தக் கடை நம்பலாம், எந்தக் கடை பொய் சொல்லும் என்று ஒரு பட்டியல் எங்கள் கைப்பேசியில் வளர்கிறது. பஞ்சாபிப் பெண் ஒருநாள் இடியாப்பத்தைப் பிய்த்தபடி சொன்னாள், அவள் வீட்டில் சப்பாத்தி வாசம் வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாளாம். நாங்கள் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. இன்னொரு தட்டு வாங்கினோம்.

சென்ற ஆடி மாதம் கிள்ளானில் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மாவோடு போயிருந்தேன். பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா அகப்பையோடு நின்றார். வழக்கம்போல் தயங்கித்தான் கேட்டேன். “இதுல கோதுமை மாவு எதுவும் சேத்தீங்களாம்மா? எனக்கு அது ஆகாது.”

அவர் சிரிக்கவில்லை. அகப்பையை அண்டாவின் விளிம்பில் சாய்த்து வைத்தார். “கேப்பையும் நொய்யும்தான் ஆயி. கேப்பைய நானே கழுவிக் காய வச்சு வீட்டு மிஷின்ல அரைச்சேன். அந்த மிஷின்ல வேற எதுவும் அரைக்கிறதில்ல. ஆனா தொட்டுக்க வச்சிருக்கற வடை, அது வெளிய வாங்குனது. எனக்குத் தெரியாது. அத நீ சாப்பிடாத.”

ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கூழ் வாங்கிக்கொண்டு, வரிசையில் எல்லோருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தேன். இரண்டாவது முறையும் போய் நின்றேன்.

அத்தையின் மூத்த மருமகள் இப்போது மாசமாக இருக்கிறாள். வளைகாப்புக்கு அழைப்பு வந்திருக்கிறது. போவேன், டப்பாவோடுதான். அதற்கு முன் அத்தைக்கு ஒரு போன் செய்து, சாம்பாருக்கு எந்தப் பெருங்காயம் என்று கேட்கப் போகிறேன்.